லைன் கிளியர்

ராயக்கோட்டை துணை மின்நிலையத்தில்
மணிக்கொரு முறை எழுந்து
ஊசி நிற்கும் இடத்தைக் குறிப்பது என் வேலை.
உத்தனப்பள்ளி ஃபீடர்: நூற்றுப் பத்து.
தக்காளி மண்டி: அறுபத்தெட்டு.
நான் எழுதியதால் ஒரு ஆம்பியர் கூடியதில்லை.
எழுத மறந்த இரவிலும் ஒன்றும் குறைந்ததில்லை.

சனிக்கிழமை, கல்யாண மண்டபத்து மாடியில் யோகா வகுப்பு.
சுவரில் ஒரு படம்.
அவன் வெள்ளையாய்க் கிடக்கிறான்,
அவன் மார்பில் கால் வைத்து அவள் ஆடுகிறாள்.
"அவன் அறிவு, அவள் ஆற்றல்.
அவன் சும்மா இருப்பதால்தான் அவளால் ஆட முடிகிறது"
என்றார் பயிற்சியாளர் குணவதி,
மூச்சை நாலு எண்ணி இழுத்தபடியே.
எனக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது.
அது பிராணாயாமத்தில் சேருமா தெரியவில்லை.
எங்கள் வீட்டிலும் ஒருவர் சும்மா இருக்கிறார்,
குக்கரின் ஆறாம் விசிலுக்கும் அசையாமல்.
நான் ஆடுகிறேன்,
ஒரு காலில் செருப்பும்
மறுகாலில் ஒட்டிய சோற்றுப் பருக்கையுமாக.

சக்தி என்றால் எனக்குத் தெரிந்தது வேறு.
மழை நாளில் இன்சுலேட்டர்மேல்
நீலமாய் முணுமுணுக்கும்.
அதற்குக் கண் கிடையாது.
தக்காளிக் கூடைக்குமேல் தொங்கும் பல்பும்
இரண்டு கம்பிக்கும் சிறகு நீட்டிய வௌவாலும்
அதற்கு வழிதான்.
கோபம்கூட இல்லை. அதுதான் பயம்.

யார்டின் மூலையில் எர்த் குழி,
உப்பும் கரியும் போட்டு மூடியது.
வெயில் காலத்தில் தினம் இரண்டு குடம் ஊற்றுவேன்.
"அபிஷேகமா மேடம்?" என்பார் லைன்மேன் திம்மராயன்.
"காய்ந்தால் தாங்காதுய்யா."
எது தாங்காது என்று அவர் கேட்டதில்லை.

நேற்று இரவு ஒன்றேகாலுக்குக் காற்று.
கோட்டை மலைமேல் மின்னல் வேர் விட்டது.
உத்தனப்பள்ளி ட்ரிப் ஆனது.
ரோஜாப் பசுங்குடில்கள் இருண்டன.
புளியங்கிளை ஒன்று கம்பிமேல்.
"லைன் கிளியர் குடுங்க மேடம்."
பிரேக்கரைத் திறந்தேன்.
ஐசொலேட்டரை இழுத்தேன். எர்த் போட்டேன்.
கைப்பிடியில் சிவப்புப் பலகை:
ஆள் வேலை செய்கிறார், தொடாதே.
பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன்.
மணி 1.32.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் என்றால் ஒன்றுமே.
தொலைபேசி அலறியது.
பூக்காரர் ஒருவர் என் பெயர் கேட்டார், புகார் கொடுக்க.
கொடுத்தேன். உட்கார்ந்தேன்.
ஆறு கிலோமீட்டர் தள்ளி
இருட்டில் ஒரு ஆள் கம்பம் ஏறுகிறார்.
கம்பியைக் கையால் தொடுகிறார்.
அந்தக் கையின் தைரியம்
என் இடுப்பில் குளிர்ந்துகொண்டிருந்தது.

தூக்கம் வந்தது. வருவதைப் பார்த்தேன்.
கொட்டாவி வந்து, கண் நனைத்துவிட்டுப் போனது.
நெஞ்சு அடித்தது, விரல்கள் மேசை விளிம்பைத் தேய்த்தன,
எங்கோ நடுவில் ஒன்று நகராமல் இருந்தது.
அடிப்பதும் நான்,
அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் நான்.
இவளில் யார் கிடப்பவன், யார் ஆடுபவள்?
குணவதியிடம் கேட்க வேண்டும்.
அவர் மறுபடி நாலு எண்ணச் சொல்வார்.

2.19.
"முடிஞ்சது மேடம். ஆள் இறங்கியாச்சு."
யார் பேசுவது, பெயர் சொல்லுங்கள் என்றேன்.
"திம்மராயன்தான்." குரலெல்லாம் மழை.
பலகையைக் கழற்றினேன்.
பிரேக்கர் மூடிய சத்தம்
என் முதுகின் அடியிலிருந்து உச்சிவரை ஏறியது.
ஊசி துள்ளி, தடுமாறி, தொண்ணூற்றாறில் நின்றது.
தொலைவில் குடில்கள் ஒவ்வொன்றாகப் பால் நிறமாயின.

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
1.32 முதல் 2.19 வரை சும்மா இருந்தேன்.
உடனே அடித்துவிட்டு
லைன் கிளியர் என்று திருத்தினேன்.

காலையில் வீட்டுக்குப் போனால்
அவர் மல்லாந்து கிடந்தார், வாய் லேசாகத் திறந்து,
அந்தப் படத்தில் இருப்பவன் மாதிரியே.
கதவருகே நின்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.
இது அது இல்லை.
எழுப்பி, பால் வாங்க அனுப்பினேன்.