எந்தக் கால்

நான் வருவது எட்டாம் அத்தியாயத்தில்.
மழை பெய்துகொண்டிருக்கும்.
சிலோயே தீவில் வேறென்ன பெய்யும்?
சால்மன் ஆலையின் பின்வாசல், ரப்பர் பூட்ஸ்,
புறங்கையில் காய்ந்த செதில்.
பெயர் யஸ்னா, வயது பத்தொன்பது,
லேசாகக் காலை இழுத்து நடப்பாள்.
இவ்வளவுதான் நான்.
தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் இடது கால்.
நூற்று முப்பத்தொன்றில் வலது.
எழுதியவர் கவனிக்கவில்லை.
படித்தவர்களும்.

கதை எலியேசருடையது.
பதினைந்து வயது.
மேலுதட்டில் பென்சில் கிறுக்கல் மாதிரி மீசை.
தெற்கே வேலைக்குப் போன அப்பா
பணம் அனுப்புவார், கடிதம் போடமாட்டார்.
அவன் வளர்ந்தாக வேண்டும்.
அதற்காகத்தான் எங்களையெல்லாம்
இந்த ஊரில் குடிவைத்திருக்கிறது:
தவறான நிறுத்தத்தில் அவனை இறக்கிவிட்ட பஸ் டிரைவர்,
முத்தம் கேட்டபோது தும்மிவிட்ட அயேலன்,
வணக்கம் சொன்னால் பதில் சொல்லாத எர்சிலியா.

பவுதிலியோவைக் குடிவைத்தது சாவதற்கு.
அவனுக்கே தெரியாது, பாவம்.
பத்தாம் அத்தியாயம் முழுக்க அவன் சிரிப்புதான்.
கடன் வாங்கிய படகுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தான்.
உருளைக்கிழங்கு மில்காவைச் சுடச்சுட வாயில் போட்டுக்கொண்டு
ஊதி ஊதிப் பேசினான்.
பதினொன்றில் படகு மட்டும் கரைக்கு வந்தது.
எலியேசர் மூன்று பக்கம் அழுதான்.
நான்காம் பக்கத்தில் அவன் குரல் உடைந்திருந்தது.
அடடா, என்ன எழுத்து என்றார்கள்.
பவுதிலியோவின் தங்கை
ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு
அந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், மூன்று நாள்.
அது புத்தகத்தில் இல்லை.
நான் பார்த்தேன்.

என் பங்கு சின்னது.
ஒரு மீனைக் கோட்டுக்குள் ஒளித்தேன்.
அவன் பார்த்துவிட்டான்.
மேற்பார்வையாளர் கேட்டதும் சொல்லிவிட்டான்.
பயத்தில்கூட இல்லை,
நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க.
எனக்கு வேலை போயிற்று.

மறுநாள் தல்காவே படகுத்துறை,
டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் அவன்.
நூறு பெசோ குறைந்தது அவனுக்கு.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் அவன் ஆளானான் என்று
விமர்சனம் எழுதுகிறார்கள்.
மன்னிப்பாம். பெருந்தன்மையாம்.
இப்போது சொல்கிறேன்:
எனக்குப் பல்வலி.
வாயைத் திறந்தால் வாடைக்காற்று
நேராகக் கடைவாய்க்குள் இறங்கும்.
அவன் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே நின்றால்
படகு போய்விடும்.
பல் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்
ஓங்கி அறைந்திருப்பேன்.
அறைந்திருந்தாலும் அவன் வளர்ந்திருப்பான்,
அதுதான் எரிச்சல்.

ஆனாலும்
சில்லறையை வாங்கும்போது
அவன் விரல் நடுங்கியது.
அதை மட்டும் எழுதியவர் சரியாகப் பிடித்திருந்தார்.
வீட்டுக்குப் போய் நெடுநேரம்
என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒருவனுக்குள் எதையோ
திருகிவிட்டு வந்த கை.
எனக்குள் யார் திருகினார்கள் என்று கேட்டால்
அதற்கு அத்தியாயம் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் அவன்
பெரிய படகின் மேல்தளத்தில் நிற்கிறான்.
வழியனுப்ப எவரும் வரவில்லை என்றிருக்கிறது.
வந்திருந்தோம்.
பக்கத்தில் இடமில்லை.
'கரை சிறுத்துக்கொண்டே போனது' என்று முடிகிறது நாவல்.
கரை என்பது நாங்கள்.
நாங்கள் சிறுக்கவில்லை.
நின்ற இடத்தில், நின்ற உயரத்தில்தான் நின்றோம்.
எர்சிலியாகூட வந்து,
யாருக்கும் கேட்காமல் வணக்கம் என்றாள்,
போன படகைப் பார்த்து.

பிறகு புத்தகத்தை மூடினார்கள்.
மழை நிற்கவில்லை.
அயேலன் இன்னொரு முறை தும்மினாள்,
யாருக்கும் அர்த்தமாகாத வெறும் தும்மல்.
எல்லோரும் சிரித்தோம்.

துறையிலிருந்து மேடேறும் பாதை முழுக்கச் சேறு.
பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன்.
திரும்ப மாட்டிக்கொண்டு
முதல் அடி வைக்குமுன்
கொஞ்சம் யோசித்தேன்,
எந்தக் காலை இழுப்பதென்று.