ஆரியங்காவில் ஓ.டி.பி.

மூன்று ஜிபி ரேம்.
சங்கரன்கோவில் பிச்சி பின்னால் வியர்க்க
செக்போஸ்ட்டில் பர்மிட் பக்கம் திறந்தேன்.
ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால்
பக்கம் வெள்ளை.
மறுபடி முதலிலிருந்து.
"எந்தா, கழிஞ்ஞில்லே?" ஜன்னலுக்குள்ளிருந்து குரல்.
பின்னால் வைக்கோல் லாரி ஹாரன்.

ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன்:
மேப், பாட்டு, சீட்டுக் கணக்கு,
ஜெயிக்கப் போன கேரம் ஆட்டம்.
விலை பேசிக்கொண்டிருந்த
புனலூர் சசிதரனின் அழைப்பை
கொஞ்சம் யோசித்து,
அதையும்.

இம்முறை ஆறு எண்ணையும்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.
பக்கம் அங்கேயே நின்றது,
என்னைத் தெரியும் என்பதுபோல.

புனலூரில் மூட்டை இறக்கிய கையெல்லாம்
பூவின் ஈரம்.
நாலும் ஏழும்தான் மிச்சம்.

"கிலோ எத்தறயா பறஞ்ஞது?"

உள்ளங்கையைப் பார்த்து
நானூற்று எழுபது என்றேன்.