வியாழக்கிழமைக்காரர்

சௌடேஸ்வரி துப்பறியும் நிலையம்,
மாடி, செவ்வாய்ப்பேட்டை. கீழே தட்டுவடை செட் கடை.
போர்டில் 'ரகசியம் காக்கப்படும்' என்பதைக்
கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னேன்.
பெயிண்டர் அதை மட்டும்தான் பெரிதாக எழுதினான்.
என் பெயர் தெரியக் கிட்டே வர வேண்டும்.

அமராவதி கிட்டே வந்தார்.
ஜவ்வரிசி ஆலைக்காரர் வீட்டம்மா,
முந்தானையில் புளித்த கிழங்கு வாடை,
கையில் ஏதோ அச்சடித்த தாளில் சுற்றிய
ஐந்நூறு ரூபாய் முன்பணம்.
"வியாழக்கிழமையானா ஏற்காடு போறாருங்க.
கேட்டா மிளகு விலை பாக்கவாம்.
எங்களுக்கு ஏதுங்க மிளகு?"

பணம் பெட்டிக்குப் போனது.
தாளை எட்டாய் மடித்து
ஆடும் மேஜையின் பின்காலுக்குக் கொடுத்தேன்.
எதையும் வீணாக்காதவள் நான்.

மாறுவேடம்: கறுப்புக் கண்ணாடி, மங்கிய சேலை.
"டிடெக்டிவ் அக்கா, இன்னிக்கு யாரு?" என்றார் கண்டக்டர்.
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
அர்த்தநாரியும் பார்த்தார்,
நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு.
நான்காவதில் அவர் செருப்பைக் கவனித்தேன்.
ஆறாவதில் சட்டைப்பை.
ஒன்பதாவதில்
என் தலை ஜன்னலுக்கு வெளியே,
என் கைப்பை அவர் மடியில்,
கைப்பைக்குள் அவர் போட்டோ.
"மோந்து பாருங்கம்மா" என்று
ஒரு எலுமிச்சம்பழம் நீட்டினார்.
மீதி வளைவுகளை எனக்காக எண்ணிக்கொண்டே வந்தார்.
சந்தேக நபர்கள் இப்படி இருக்கக் கூடாது.
தொழில் கெட்டுவிடும்.

மேலே மூடுபனி.
ஒரு சில்வர் ஓக் மரத்தைக்
கால் மணி நேரம் கண்காணித்தேன்.
அது எங்கும் போகவில்லை.
அர்த்தநாரிதான் திரும்பி வந்து இருமினார்:
"இந்தப் பக்கம்மா."

காப்பித் தோட்டத்துக்குப் பின்னால் ஒற்றை அறை.
பெண் இல்லை. பாட்டில் இல்லை.
ஒரு நாற்காலி, சுவர் முட்டத் துப்பறியும் நாவல்கள்,
அட்டைக்கு அட்டை ரத்தம்.
"வீட்ல படிச்சா அவளுக்கு ஆகாது."
குரலைத் தாழ்த்தினார்.
"ஒரு ராத்திரிதான் வீட்ல வெச்சிருப்பேன்.
எல்லாத்துலயும் கடைசிப் பக்கம் இல்லைங்க.
கடைக்காரன் ஏமாத்தறான்.
அறுபத்தேழு கொலை. ஒருத்தனும் சிக்கல."

மேலாக இருந்ததை எடுத்தேன், போன வாரத்தது.
மாலைக்குள் நூற்றிருபத்தாறு பக்கம்.
"சமையல்காரன்" என்றேன்.
"ரசத்தில் பெருங்காயம் இல்லை, கவனித்தீர்களா?"
அவர் கண் கலங்கிவிட்டது.
"ஒரு முடிவு கேட்டு எத்தனை வருஷமாச்சு!"

மறுநாள் அமராவதியிடம் சொன்னேன்:
"உங்கள் வீட்டுக்காரர் மலைமேல்
பிணங்களோடு இருக்கிறார். எல்லாம் அச்சில்."
அவர் சிரிக்கவில்லை.
"அப்ப புத்தகமெல்லாம் அங்கயா?"
பிறகு முந்தானை நுனியைப் பார்த்தபடி:
"கிழிச்சது நான்தான்.
அடுப்படிக்கு வந்து 'யாரு கொன்னது'ன்னு
ஒரு வார்த்தை என்கிட்டக் கேப்பாருன்னு.
கேக்கல. மலை ஏறிட்டாரு."

வாசல் வரை போய்த் திரும்பினார்.
"பணம் சுத்திக் குடுத்தேனே, அந்தத் தாள் இருக்குதுங்களா?"
இல்லை என்றேன்.

அவர் படியிறங்கியதும் மேஜையைத் தூக்கினேன்.
பக்கம் 127.
'பெருங்காயம் போடாதது வெறும் மறதி,'
என்று விளக்கிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர்,
டாக்டருக்கு விலங்கு மாட்டியபடி.

திரும்ப எட்டாய் மடித்து
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ரசீது:
பஸ், போக வர.
காப்பி ஒன்று.
எலுமிச்சம்பழம், சந்தேக நபர் உபயம்.

வரும் வியாழன் பத்து மணிக்கு
அர்த்தநாரியை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், அறுபத்தெட்டாவது கொலையோடு.
அமராவதிக்கும் பத்து மணிதான்.
கீழே மூன்று செட் சொல்லிவிட்டேன்.
மேஜை ஆடாது.