பொருளின் பயன்பாடு

பாசிர் பாஞ்சாங் கிடங்கில்
மூன்றாம் பெட்டியைப் பிரித்தபோது
வைக்கோலுக்குள் படுத்திருந்தது
முனியின் அரிவாள்.
நாலரை அடி. பதினொரு கிலோ.
பிடியில் வெண்கலப் பூண்,
முனையில் காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சை.

சரக்கு நிறுவனத்தில்
பதினாறு வருடமாகப் படிவம் நிரப்புகிறவள் நான்.
சாமிகளைப் பலமுறை இறக்கியிருக்கிறேன்:
நவக்கிரகங்களைக் ‘கற்சிற்பம், ஒன்பது’ என்று,
குதிரை வாகனத்தை ‘மரச்சாமான்’ என்று.
எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதில்லை.

சுங்க அதிகாரி ரோஸ்னானி
கையுறை மாட்டிக் குனிந்தாள்.
முதலில் எலுமிச்சை.
“பழமா? பழம் என்றால் வேறு துறை.”
விதையோடு சருகாகிவிட்டது என்றேன்.
பிறகு அந்தச் சிவப்பு.
“குங்குமம்.”
பஞ்சால் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.
நானும் பார்த்தேன்.
அந்த நேரத்தில் எனக்கே நிச்சயமில்லை.

கூர்மையானதா? ஆம்.
புதியதா, பயன்படுத்தியதா?

பேனா அங்கே நின்றது.

ஊரிலிருந்து அழகப்பன் அம்பலம்
பெட்டியோடு ஒரு கடிதம் வைத்திருந்தார்:
‘பழைய அரிவாள். சக்தி உள்ளது.
ஒருமுறை பேசியும் இருக்கிறது.’
அரிவாள் பேசுவது என்றால் என்னவென்று
எங்கள் பக்கத்தில் விளக்கத் தேவையில்லை.
தேர் எந்தத் தெருவில் திரும்புவது,
விபூதி முதலில் யார் நெற்றிக்கு...
அந்த வருடம் வடம் பாதித் தெருவில் கிடந்தது.
செத்தவன் பெயர் கடிதத்தில் இல்லை.
சாமிக்குக் குறை வைத்தவன் என்று மட்டும்.

பயன்படுத்தியது என்று குறியிட்டேன்.
எதற்கு என்றது அடுத்த கட்டம்.
‘வழிபாடு’ என்று எழுதினேன்.
பொய் இல்லை.
அதுதான் உறுத்தியது.

ரோஸ்னானி படித்துவிட்டு
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
அவள் பெரியப்பா கொம்பாங் வாசிப்பவராம்.
அறுபத்து நாலில், நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு
மேளத்தோடு போனவர்
முழங்கையில் தையலோடு திரும்பினாராம்.
யார் வெட்டியது என்று கடைசிவரை சொல்லவில்லை.
கேட்டால், “தேங்காய் விழுந்தது.”
சட்டையில் இருந்ததெல்லாம்
அவர் ரத்தம்தானா என்று
வீட்டில் யாரும் கேட்கவில்லை.
“துவைத்தார்களாம்,” என்றாள். “அவ்வளவுதான்.”

முத்திரை விழுந்தது.
நிபந்தனை ஒன்று: மழுக்கிய பிறகே கோயிலுக்கு.

காக்கி புக்கிட் பட்டறையில்
ஷஃபிக்குல் என்கிற குமில்லாக்காரர்
சாணைச் சக்கரத்தை ஓட விடுமுன்
பிஸ்மில்லா என்றார்.
கேட்டுக்குத் தகடு அறுக்கும்போதும் அதைத்தான் சொல்வாராம்.
நாற்பது நிமிடம் பொறி பறந்தது.
முதலாளி கெங் ஹுவாட் தள்ளி நின்று,
“உங்கள் சாமி கோபிக்காதா?” என்றார்.
நான் தரையைப் பார்த்தேன்.
சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள்,
இரண்டு கைப்பிடி தேறும்.
கூர்மையின் எடை அவ்வளவுதான்.
கூட்டி வாரிக் குப்பையில் போட்டார்கள்.

செம்பவாங் பக்கம் தகரக் கூரைக் கோயிலில்
முனியின் கைக்கு அதை ஏற்றினார்கள்.
மாலை விழுந்ததும்
பழையபடி பயங்கரமாகத்தான் இருந்தது.
எனக்கு முன்னால் நின்றவள்,
அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாதவள்,
ஒரு பெயரை முணுமுணுத்தாள்.
“அவனை நீ பார்த்துக்கோ.”
நானும் ஒரு பெயர் வைத்திருந்தேன்,
வீட்டிலிருந்தே கொண்டுவந்தது,
எந்தப் படிவத்திலும் காட்டாதது.

கடைசியில் எலுமிச்சை.
பூசாரி முனையில் வைத்துக் குத்தினார். ஏறவில்லை.
திருப்பிக் குத்தினார். வழுக்கியது.
உடுக்கை நின்றது.
பெரிய சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம்.
பிறகு பின்வரிசையிலிருந்து,
நிதானமாக, மரியாதையாக, ஒரு குரல்:
“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சாமி.”

அழுத்தினார்.
மணிக்கட்டு வரை சாறு.