காற்றளவு

தலைவலி ஆய்வு. பங்கேற்பாளர் எண் நாற்பத்தேழு.
பெயர் நம்புத்தாய், வயது நாற்பத்திமூன்று, ஊர் சின்னப்பாலம்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ கூலி என்று எழுதியிருந்தார்கள்.
அடித்துவிட்டுப் பாசி எடுத்தல் என்று எழுதினேன்.
விரலில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டி
மூச்சடக்கி முள்ளுப்பாருக்குள் குனிகிற வேலைக்கு
அதற்கு மேல் கட்டத்தில் இடமில்லை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள், வலி எவ்வளவு?
"எண்ணிக்கை எதுக்கு?" என்றாள்.
போன வெள்ளி வந்தது கொண்டல்,
நெற்றியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது.
செவ்வாய் வாடை. முதலில் கண்ணுக்கு முன்னால்
மீன் செதிலாக வெளிச்சம் சிதறும், பிறகுதான் வலி.
ஆனியில் ஒன்று வந்ததே, அது கச்சான்,
வள்ளம் கட்டிய கயிறு அறுந்துபோகிற கச்சான்.

கொண்டல் மூன்று, வாடை ஆறு, கச்சான் ஒன்பது:
படிவ அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டேன்.
மதுரையில் கணக்குப் பார்க்கும் சுதர்சனம்
நாலரை எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டார்.
இரண்டு காற்றுக்கு நடுவில் நின்றிருப்பாள் என்றேன்.

நாள்குறிப்புக்கு நோட்டு கொடுத்திருந்தோம்.
அதில் சின்னவள் கணக்குப் போட்டாள்.
இவள் தினசரிக் காலண்டரில்
வலிக்காத நாளைக் கிழித்தாள்,
வலித்த நாளை மடித்து ஆணிக்குப் பின்னால் செருகினாள்.
மாதக் கடைசியில் மடிப்புகளை எண்ணிக்கொள்வேன்.

மாத்திரை வெள்ளை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
ஒப்புதல் படிவத்தை வாசித்துக்காட்டிய அன்றே கேட்டாள்:
"மாவைக் குடுத்துட்டு மருந்துன்னு நம்பச் சொல்றியா?"
இல்லை, எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லித்தான் தருகிறோம்.
"அப்ப என் பேருக்கேத்த வேலைதான்."
கையெழுத்தைப் பெரிதாகப் போட்டாள், கட்டத்துக்கு வெளியே வால் நீள.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் போன்.
கூடப் போன ராக்கினி.
"தட்டு நழுவிப் போச்சு, எடுக்க மாட்டேங்கிறா.
வாய் ஒருபக்கமாப் போகுது."
வலிக்கிறதா கேள் என்றேன், பழக்கதோஷத்தில்.
இடது கையை விரித்து ஆட்டினாளாம்.
இல்லை.
காற்றே இல்லை.

எட்டு மாதம் நான் அளந்துகொண்டிருந்ததில்
பூஜ்யம் என்றால் நல்ல நாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, ஸ்கேன் அறை வாசல்.
"கடைசியா நல்லா இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு?"
நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ஊசி உண்டு.
ராக்கினிக்குக் கடிகாரம் கிடையாது.
"வத்தம் திரும்புறப்ப பேசிக்கிட்டிருந்தா,
சின்னவ ஃபீஸ் கட்டணும்னு."
வத்தம் எப்போது திரும்பியது?
டாக்டர் என்னைப் பார்த்தார்.
ஈரச் சேலையோடு ராக்கினியும் என்னைப் பார்த்தாள்.
போனில் பாம்பன் ஓத அட்டவணையைத் தேடினேன்.
எட்டு இருபது.
சுவரில் பன்னிரண்டு முப்பத்தெட்டு.
மிச்சம் பன்னிரண்டு நிமிடம்,
அதில் நான்கு புருஷனின் கைநாட்டுக்குப் போயிற்று.

அன்றிரவு அவளுடைய உறையைப் பிரித்தார்கள்.
மருந்தா மாவா என்று எனக்குச் சொல்லவில்லை.
இன்னும் எழுபது பேர் பாக்கி, நீ கேட்கக் கூடாது என்றார்கள்.
கேட்கவில்லை.
பேருந்தில் திரும்பும்போது பாலத்தின் மேல்
ஜன்னலை மூடச் சொன்னார் நடத்துநர். அவ்வளவு காற்று.

தொண்ணூறாம் நாள் போனேன்.
நடக்கிறாள். வலது கை மட்டும்
யாரோ வைத்துவிட்டுப் போனது போல மடியில் கிடக்கிறது.
பேச்சில் ஒரு சொல் தங்கியிருக்கிறது:
சோறும் வத்தம், தண்ணீரும் வத்தம்,
பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவளும் வத்தம்.
அவளும் ஏன்மா என்றுதான் வருகிறாள்.
காலண்டரில் அந்த ஐப்பசித் தாள்
கிழியாமல், மடியாமல்.

படிவத்தின் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்:
இந்த வாரம் தலைவலி?

இடது கைச் சுட்டுவிரலை நாக்கில் நனைத்துக்
கதவுப் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.
வெகுநேரம்.
நான் அட்டையைப் பின்பக்கம் திருப்பி
மடியில் வைத்துக்கொண்டேன்.