சமாதானபுரம்

மூணு மாச வாடகை பாக்கி வைத்து
மாடி வீட்டு எஸ்றா ராத்திரியோடு ராத்திரியாகப் போனபோது
விட்டுப் போனவை:
கைப்பிடி இல்லாத வாளி, முனை கறுத்த டியூப்லைட்,
இரும்புப் பல் சீப்பு ஒன்று,
ஜன்னல் திட்டில்
சாம்பல் நிறத்தில் ஒரு பெர்ஷியன் பூனை.

வாடகைக்கு ஈடு கிடைச்சுட்டுல்லா அண்ணாச்சி
என்று பெருமாள்புரமே சிரித்தது.

அதன் பேர் எனக்குத் தெரியாது.
மணி என்றேன். லில்லி என்றேன்.
எஸ்றா வேதக்காரன் ஆயிற்றே என்று
ஞானப்பூ என்றும் கூப்பிட்டேன்.
மனு வாங்கும் கலெக்டர் மாதிரி ஒருமுறை பார்த்தது;
அப்புறம் பதில் இல்லை.

எலி ஓடினால் ஓடட்டும் என்றிருக்கும்.
வாசலில் சாளைமீன் கூடை இறங்கினால்
எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.
மடியில் ஏறாது. தூக்கினாலோ
நனைந்த துண்டாகக் கனத்துத் தொங்கி
இறக்கிவிட்டதும்
நான் தொட்ட இடத்தையெல்லாம் நக்கித் துடைக்கும்.
ஆனால் நான் குளிக்கப் போனால்
கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்து
தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை காவல்.

சித்திரை வந்தது.
பாளையங்கோட்டையில் கம்பளி போட்டுப் பிறந்தால்
அது பாவம் என்ன செய்யும்?
தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன்.
கரண்ட் போன மத்தியானங்களில்
பழைய காலண்டர் அட்டையால் விசிறினேன்,
என் வியர்வை அதன்மேல் சொட்டாமல் தள்ளி உட்கார்ந்து.

முன்னங்கால் இடுக்கில் சிக்கு விழுந்தது,
கொட்டைப்பாக்கு அளவில்.
பதினெட்டு வருஷம் விசில் ஊதி
ஏறியவர் ஏறாதவர் பார்க்காமல்
வண்டியைக் கிளப்பியே பழகியவன் நான்.
கத்திரிக்கோலை எடுத்தேன்.
முடி எது, தோல் எது?

அது கத்தவில்லை.
அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

காக்கிச் சட்டையில் சுற்றி
ஆட்டோவில் ராமையன்பட்டி ஆஸ்பத்திரி.
இரண்டு தையல்.
டாக்டரம்மா திட்டவில்லை;
சீப்பு இருக்கா வீட்டுல என்று மட்டும் கேட்டாள்.

சீப்பு இருந்தது.
சிக்கின் வேர்ப்பக்கம் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு,
இழுப்பு தோலுக்குப் போகாமல்,
துளி சோளமாவு தூவி
நுனியிலிருந்து வருகிறேன்.
ஒரு சிக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.
மூக்கு உள்ளே அமுங்கிய முகம்,
எந்நேரமும் கண்ணில் நீர்.
துக்கம் ஒன்றுமில்லை, வாகு அப்படி.
வெந்நீர் ஆறவைத்துப் பஞ்சு நனைத்து
மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக,
ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

அப்படி ஒருநாள் வாரிக்கொண்டிருக்கையில்
வாய் தன்பாட்டுக்கு ஸ்டாப்புகளைச் சொல்லியது.
கொக்கிரகுளம்... வண்ணார்பேட்டை...
முருகன்குறிச்சி... மார்க்கெட்...
சமாதானபுரம்.

இடது காது திரும்பியது.

ஈ உட்கார்ந்திருக்கும் என்று
இன்னொரு தரம் சொன்னேன்.
இப்போது தலையே திரும்பியது.

ஐப்பசி மழையில் எஸ்றா போன் பண்ணினான்,
திருப்பூரிலிருந்து.
வாடகையைப் பற்றி மூச்சு விடவில்லை.
அண்ணாச்சி, அது சாப்பிடுதா?
சாப்பிடுது.
சிக்கு விழுதா?
இப்ப இல்ல.
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.
அது பேரு என்னன்னா அண்ணாச்சி, என்று தொடங்கினான்.
டவர் இல்லலே, கேக்கல, என்று வைத்துவிட்டேன்.
டவர் நன்றாகத்தான் இருந்தது.

காலை டிரிப்பில்
முன் சீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை
என் சட்டைக் கையிலிருந்து
நீளமாக ஒரு சாம்பல் முடியை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.
நான் விசிலை வாயிலிருந்து எடுத்து
சமாதானபுரம் இறங்குறவங்க முன்னால வாங்க என்கிறேன்,
தேவைக்குமேல் கொஞ்சம் மெதுவாக.