காற்று இறங்கும்வரை

வந்த அன்றே லுவோ அக்கா
ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினாள்.
ஜூலை மாதம். வூசாங். எட்டாவது மாடி.
கீழே தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில்.
எனக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்,
தலையில் கம்பளித் தொப்பி.

பச்சை உடம்பு, என்றாள்.
எலும்புக்கு எலும்பு கதவு திறந்து கிடக்கிறது.
இப்போது நுழைகிற காற்று
உன் அறுபது வயதில்
முழங்காலுக்குள்ளிருந்து பேசும்.

தலைக்கு ஊற்றக் கூடாது.
பச்சைத் தண்ணீரில் கை நனைக்கக் கூடாது.
தர்ப்பூசணி கூடாது, அதன் பேச்சும் கூடாது.
அழவே கூடாது, கண் கெட்டுவிடும்.
என் கண்ணைப் பற்றி எனக்கென்ன கவலை?
அது தெரிந்தவள் போல,
பாலும் வற்றும் என்று சேர்த்துச் சொன்னாள்.
அதற்குப் பிறகு அழவில்லை.

'மாதம் உட்கார்வது' என்று இதற்கு எங்களிடம் பெயர்.
உட்கார்ந்தேன்.
மடியில்தான் ஆள் இல்லை.

ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டவள்
ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹான்கோவில்,
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள்.
ஆயிரத்து நானூற்றுப் பத்து கிராம்.
சந்தையிலிருந்து சூப்புக்கு வந்த கெண்டை
அவளைவிடக் கனம்.
இதை வாய்விட்டுச் சொன்னபோது
லுவோ அக்கா அகப்பையால்
என் முகத்தருகே காற்றை ஓங்கி அடித்தாள்.
சொல் திரும்பிப் போகட்டும் என்று.

இன்னும் பெயர் வைக்கவில்லை.
பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு சொல்கிறது:
நிங் யாவின் மகள்.
என் பெயரைப் போர்த்திக்கொண்டு
தூங்குகிறாள்.

மூன்று மணிக்கொரு தரம்
இயந்திரம் என் மார்பில் வாய் வைக்கும்.
அதற்குப் பசியும் இல்லை, ஏப்பமும் இல்லை.
முதல் வாரம் புட்டியின் அடி நனைந்ததோடு சரி.
அரிசி மதுவில் உடைத்து ஊற்றிய முட்டை,
நிலக்கடலை போட்டு வேகவைத்த பன்றிக்கால்,
கருப்பட்டி நிறச் சர்க்கரை கரைத்த வெந்நீர்,
எல்லாம் என் வழியாக ஆற்றைக் கடக்கத் தயாராயின.
ஹன்ஷெங் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி
நாலரை மணிப் படகைப் பிடிப்பான்.

இந்த வீட்டை விட்டு வெளியே போக
என்னில் பாலுக்கு மட்டும் அனுமதி.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் காணொளி.
முதலில் ஒரு கையுறை. ஒரு குழாய். பிறகு அவள்.
தலையில் தொப்பி.
காலில் சாக்ஸ், என் கட்டைவிரலுக்குச் சரியாக இருக்கும்.
நாலு பக்கமும் காற்றுப் புகாத சுவர்,
இரவும் பகலும் ஒரே கதகதப்பு.

லுவோ அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
திரை அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் மாதத்தை.
உன்னைவிடச் சொல்பேச்சு கேட்கிறாள்."

சிரித்ததில் தையல் இழுத்தது.
அன்றிரவு தொப்பியைக் கழற்றவில்லை.
அவளும் கழற்றியிருக்க மாட்டாள்.

ஹன்ஷெங்குக்கும் ஒரு விதி உண்டு.
படகிலிருந்து வந்தவன்
மாடிப்படித் திருப்பத்தில் நிற்க வேண்டும்,
சட்டையிலிருந்து காற்று இறங்கும்வரை.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் காலிப் புட்டிகளின் கிணுகிணுப்பு.

இருபத்து மூன்றாம் நாள்
அவன் நிற்காமல் கதவைத் தட்டினான்.
"இன்றைக்குக் குழாயில் இல்லை.
வாயால். எட்டு மில்லி."
மூச்சு வாங்கியது.
"நடுவில் ஒருமுறை நிறுத்தி
முகம் சுளித்தாளாம்."

தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன்.
அவன் சட்டையில் முகம் புதைத்தேன்.
டீசல், சேறு, யாரோ புகைத்த சிகரெட்,
அகலமான தண்ணீர்,
அதற்கு அடியில் மருத்துவமனை சோப்பு.

அடுப்பருகே லுவோ அக்கா
திறக்க வேண்டிய அவசியமே இல்லாத பானையைத் திறந்து
உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பாமலே சொன்னாள்:
"தொப்பியைக் காதுவரை இழு."